மலையில் குடியேறிய ஊருக்கு வரலாறு எழுதுவது எப்படி

குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏறி, கேரளத்து இடுக்கி மாவட்ட ஏலமலையில் காடு வெட்டி உட்கார்ந்த ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு எழுதிய வரலாறு என்று ஒரு பக்கம்கூடக் கிடையாது. முதலில் வந்தவர்களில் மிச்சமிருப்பவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் தகரப்பெட்டியில் வைத்திருக்கும் கரம் (நிலவரி) ரசீதை ஒவ்வொரு மழைக்காலமும் பூச்சி கொஞ்சம் தின்கிறது. ஊருக்குள்ளேயே இருக்கும் இரண்டு மூன்று பேர், வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கினால், 40 முதல் 60 வீடுள்ள ஊரின் கதையை ஒரு வருஷத்துக்குள் எழுதி முடித்துவிடலாம். அதற்கான வழிமுறை இது.

வேலை முழுக்க ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த வருஷத்தை எழுதினாலும் அதற்கு இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று வாய்ச்சொல். மற்றொன்று காகிதமாகவோ, நிலத்தில் இன்றும் நிற்கிற பொருளாகவோ இருக்க வேண்டும். ஒரே சாட்சி இருந்தால் "இன்னார் சொன்னபடி" என்று எழுதுங்கள். சாட்சியே இல்லாவிட்டால் வருஷம் போடாதீர்கள்.

முதலில் எல்லை

பஞ்சாயத்து வார்டை ஊராக எடுத்துக்கொள்ளக் கூடாது. வார்டு எல்லை சில தேர்தலுக்கு ஒரு முறை மாறும், அதன் எண்ணும் மாறும். ஓடை, பாறை, கூப்பு ரோடு (வெட்டிய மரத்தை இறக்கப் போட்ட பாதை), எஸ்டேட் வேலி என்று கண்ணால் பார்க்கக்கூடியதை எல்லையாக வையுங்கள். எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் கொடுங்கள். இது உங்கள் எண்தான், பஞ்சாயத்துக் கதவு எண்ணாக இருக்க வேண்டியதில்லை. இடிந்துபோன வீட்டின் கல்லுக்கட்டுக்கும், ஆள் இல்லாத லயத்துக்கும் (தோட்டக் கூலிக்காரர்களின் வரிசை வீடு) எண் உண்டு. பாதி ஊர் கீழே கம்பத்துக்கும் தேவாரத்துக்கும் திரும்பிப் போயிருக்கும். அவர்களை விட்டுவிட்டால், தங்கி ஜெயித்தவர்களின் கதை மட்டும்தான் கிடைக்கும்.

பெரிய நோட்டில் வீட்டுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடது பக்கத்தில் வீட்டார் சொன்னது, வலது பக்கத்தில் காகிதமும் நிலமும் காட்டுவது. இரண்டையும் கலந்து எழுதினால் ஆறு மாசம் கழித்து எது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியாது.

உங்கள் ஊர் எந்த அலையில் வந்தது

வீடு வீடாகப் போகும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே மலைச்சரிவில் நாலைந்து காலத்து ஆட்கள் இருப்பார்கள். யாரிடம் எந்தக் காகிதம் இருக்கும் என்பது அவர்கள் வந்த காலத்தைப் பொறுத்தது.

எல்லாருக்கும் முந்தி அங்கே இருந்தவர்கள் முதுவர்கள், மன்னான்கள் என்னும் பழங்குடிகள். மறையூர், காந்தளூர், கீழாந்தூர் உள்ள அஞ்சுநாட்டில் தோட்டங்களுக்கு வெகுகாலம் முன்பே உழுது பயிரிட்ட தமிழ்க் கிராமங்கள் உண்டு. மூணாறுப் பக்கத் தோட்டங்களின் கதை, 1877-ல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலையைப் பெற்றதில் தொடங்குகிறது. தெற்கே, பெரியாறு அணை 1895-ல் முடிந்தது. உடும்பன்சோலைப் பக்கம் போடி, கம்பம் ஆட்களின் ஏலக்காடுகள், அவற்றில் கங்காணியோடு ஏறிய கூலிக்காரர்கள்.

அடுத்தது பஞ்சகாலக் குடியேற்றம். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. திருவிதாங்கூர் அரசாங்கம் உணவுப்பயிர் வைக்க வனநிலத்தைக் குத்தகைப்பாட்டத்துக்குக் கொடுத்தது. சமவெளியிலிருந்து மலையாளி விவசாயிகள் கூட்டமாக ஏறியது அப்போதுதான். பிறகு 1954-55-ல், பட்டம் தாணுப் பிள்ளை திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சராக இருந்தபோது, குடும்பத்துக்கு 5 ஏக்கர் கொடுத்து மலையாளிகளைக் குடியேற்றும் திட்டம் வந்தது. கல்லாறு பட்டம் காலனியும் மறையூர்க் காலனியும் அப்படி உண்டானவை. தேவிகுளமும் பீருமேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆகவே அந்தக் குடியேற்றத்தை இரண்டு மொழிக்காரர்களும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். இரண்டையும் எழுதுங்கள்.

1956 நவம்பர் 1-ல் எல்லை முடிவானது. 1961-ல் இடுக்கி அணைத் திட்டத்துக்காக ஐயப்பன்கோவிலிலிருந்து கிளப்பிய குடும்பங்களைக் குமுளிக்கு அருகே அமராவதியில் கொண்டுவந்து இறக்கினார்கள். கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ.கே.கோபாலன் அங்கே உண்ணாவிரதம் இருந்தார். உங்கள் ஊரில் "அமராவதியிலிருந்து வந்தோம்" என்று ஒரு வீடு சொன்னால், அவர்களுக்கு அதற்கு முன்னால் ஐயப்பன்கோவிலில் இன்னொரு ஊர் இருந்திருக்கும். அதையும் கேளுங்கள்.

கேட்கும் முறை

ஆடி முதல் தை வரை காய் எடுப்பு நடக்கும், யாருக்கும் நேரம் இருக்காது. மாசி, பங்குனியில் தொடங்குங்கள். சித்திரை பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயில் திறக்கும் நாளிலும், வீரபாண்டித் திருவிழா வாரத்திலும் பாதி ஊர் வீட்டில் இருக்காது. ஆனால் கீழே போனவர்கள் மேலே வருவதும் அந்த நாட்களில்தான். அவர்களைப் பிடிக்க அதுவே நேரம்.

வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள், அதிலும் உடம்புக்கு முடியாதவரிடம் முதலில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று மணி வாக்கில், முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு மூன்று முறை போவதுதான் நல்லது. முதல் முறை சொல்லாததை இரண்டாம் முறை தானாகச் சொல்வார்கள்.

போனில் பதிவு செய்தால் ஃப்ளைட் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் வைத்து, பேசுபவர் வாயிலிருந்து இரண்டு சாண் தூரத்தில் வையுங்கள். மேசைமேல் நேராக வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தம் எல்லாம் ஏறிவிடும். தகரக் கூரையில் மழை விழுந்தால் அன்றைக்குப் பதிவு வேண்டாம், நோட்டில் எழுதுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே தேதி, வீட்டு எண், பேசுபவர் பெயர், "பதிவு செய்ய, அச்சில் போடச் சம்மதமா" என்ற கேள்வி, அவருடைய பதில் எல்லாம் குரலாகவே இருக்கட்டும். அன்று இரவே இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். பதிவு முப்பது சேர்ந்தபிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டவர்களின் வேலை அங்கேயே நின்றுபோகும்.

"எந்த வருஷம் வந்தீங்க?" என்று கேட்காதீர்கள். "அது ஆச்சு தம்பி அம்பது அறுவது வருஷம்" என்ற பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்:

"மலை ஏறுனப்ப மூத்தவ பிறந்துட்டாளா அப்பத்தா?"

"பிறந்துட்டா. இடுப்புல வச்சுத்தான் மெட்டு ஏறுனேன். இவன் வயித்துல."

இது போதும். இடுப்பில் வைத்துத் தூக்கிய பிள்ளைக்கு ஒன்றிலிருந்து மூன்று வயசு. வயிற்றில் இருந்த பிள்ளையின் பிறந்த வருஷத்தைப் பள்ளிச் சான்றிதழில் பார்க்கலாம். பெரியவர் "அறுவதுல" என்று வட்டமாகச் சொன்னது இப்போது ஒரு வருஷத்துக்குள் வந்துவிடும்.

ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாகக் கேட்பது கட்டாயம். நிலம், கேஸ், கட்சி, யார் யாருக்கு விற்றது என்பதெல்லாம் ஆண்கள் பேச்சு. முதல் குடிசை எந்தப் புல்லில் மேய்ந்தது, எந்த ஊற்றில் தண்ணீர், பேறுகாலம் யார் பார்த்தது, மலைக்காய்ச்சலில் எந்த வீட்டில் எத்தனை பிள்ளை போனது, கேப்பையும் கப்பையும் (மரவள்ளிக் கிழங்கு) தின்ற மாசங்கள் எவை, இதெல்லாம் பெண்களுக்குத்தான் தெரியும். வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அந்தம்மா அடுப்படியை விட்டு வரமாட்டார். பிள்ளை இறந்ததைப் பேசும்போது அழுதால் பதிவை நிறுத்துங்கள், பிறகு தொடரலாமா என்று கேளுங்கள்.

வருஷத்தைப் பிடிப்பது

எல்லாருக்கும் நினைவிருக்கும் பொதுச் சம்பவங்களை ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு "அதுக்கு முந்தியா பிந்தியா" என்று கேட்டு இறுக்குங்கள். எல்லைப் பக்கத்துக்கு இவை பயன்படும்: தொண்ணூற்றொன்பது வெள்ளம் (கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924), பர்மா அரிசி நின்றது (1942), மலேரியாவுக்கு டி.டி.டி. அடிக்க ஆள் வந்தது (1953-க்குப் பிறகு), அணா போய் நயா பைசா வந்தது (1957 ஏப்ரல்), அமராவதி (1961), தனுஷ்கோடிப் புயல் (1964 டிசம்பர்), அண்ணா இறந்தது (1969 பிப்ரவரி), இடுக்கி மாவட்டம் ஆனது (1972 ஜனவரி 26), காமராஜர் இறந்தது (1975 அக்டோபர் 2), இடுக்கி அணையில் மின்சாரம் தொடங்கியது (1976 பிப்ரவரி), இந்திரா காந்தியைச் சுட்டது (1984 அக்டோபர் 31), எம்.ஜி.ஆர். இறந்தது (1987 டிசம்பர் 24).

மறையூர், வட்டவடை, மூணாறுப் பக்கம் இவற்றைவிட நல்ல கணக்கு குறிஞ்சிப் பூதான். 1946, 1958, 1970, 1982, 1994, 2006, 2018 என்று பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. "நான் வந்து ரெண்டாம் பூப்புல மகனுக்குக் கல்யாணம்" என்று ஒருவர் சொன்னால் கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் சாந்தன்பாறைப் பக்க மலைகளில் வேறு வருஷங்களிலும் பூக்கிறது (2020, 2022-லும் பூத்தது). எந்த மலையில் பூத்ததைச் சொல்கிறார் என்று கேட்காமல் இந்தக் கணக்கைப் போடக் கூடாது.

பழைய கேரளக் காகிதங்களில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக்கணக்கு, இருக்கும். சிங்கம், அதாவது நம் ஆவணி, அந்த ஆண்டின் முதல் மாசம். சிங்கத்திலிருந்து டிசம்பர் 31 வரை 824 கூட்டுங்கள். ஜனவரி 1 முதல் கர்க்கடகம் (ஆடி) முடியும் வரை 825 கூட்டுங்கள். 1119 சிங்கம் என்றால் 1943 ஆகஸ்டு-செப்டம்பர். அதே 1119 மகரம் (தை) என்றால் 1944 ஜனவரி-பிப்ரவரி. தனு (மார்கழி) மாசம் இரண்டு ஆங்கில வருஷத்திலும் கால் வைக்கும், அங்கே தேதியையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே 825-ஐக் கூட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு, ஒரு வருஷம் பிசகிவிடும்.

கீழ்நாட்டு, அதாவது மலைக்குக் கீழே தமிழ்நாட்டுப் பக்கத்து, காகிதங்களில் தமிழ் வருஷப் பெயர் வரும். 1947-48 சர்வசித்து, 1956-57 துன்முகி, 1961-62 பிலவ. அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பும் என்பதால் தாளையும் மையையும் பார்த்து எந்தச் சுற்று என்று முடிவு செய்யுங்கள். எண்ணெல்லாம் தமிழ் எழுத்தில் இருந்தால் மிரள வேண்டாம்: ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௲௯௱௪௰௬ என்பது 1946.

தொகை சக்கரத்தில் எழுதியிருந்தால் அது திருவிதாங்கூர்க் காலத்துக் காகிதம் என்று உடனே தெரிந்துவிடும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய்.

பெட்டிக்குள் இருப்பவை

பட்டயம் (அரசாங்கம் தந்த பட்டா), ஆதாரம் (கிரயப் பத்திரம்), கரம் ரசீது, ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, செக்ரோல் (எஸ்டேட் ஆள்பதிவு) துண்டு, ஏலக்காய்க் கமிஷன் கடைச் சீட்டு. கேட்டால் முதலில் பட்டயத்தைத்தான் எடுப்பார்கள். அது வந்த தேதியைச் சொல்லாது, அரசாங்கம் ஒப்புக்கொண்ட தேதியைத்தான் சொல்லும். இரண்டுக்கும் நடுவே முப்பது வருஷம் இருக்கலாம்.

வந்த காலத்தை நெருங்கிக் காட்டுவது பெரும்பாலும் மொய் நோட்டு. அதை யாரும் ஆவணம் என்று நினைப்பதில்லை. அதனாலேயே பொய்யில்லாமல் இருக்கும். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, தேதி, யார் வீட்டு விசேஷம். பிறகு வரிக்கு ஓர் ஆள்: முதலில் ஊர், அடுத்து தகப்பன் எழுத்தோடு பெயர், கடைசியில் தொகை. 1957-க்கு முந்திய நோட்டில் தொகை ரூபாய், அணா, பை என்று மூன்று கட்டமாக இருக்கும். ஒரே குடும்பத்தை அவர்கள் சொந்தக்காரர் வீட்டு மூன்று நான்கு நோட்டுகளில் தொடர்ந்து பாருங்கள். முதல் நோட்டில் ஊர் "சின்னமனூர்" என்று இருக்கும். அடுத்ததில் "சின்னமனூர் (மலை)" என்று இருக்கும். அதற்கும் அடுத்ததில் சின்னமனூர் போய், மலையூரின் பெயரே வந்திருக்கும். மலைக்கு வந்தபிறகும் பலர் நீண்டகாலம் கீழ்நாட்டு ஊரையே சொல்லி எழுதச் சொன்னார்கள். ஆகவே மலையூர்ப் பெயர் முதலில் வரும் தேதிக்கு முன்பே அவர்கள் வந்தாயிற்று என்று கொள்ளலாம், அதற்கு மேல் கொள்ளக் கூடாது. பெயர் மாறிய தேதி வேறொன்றையும் காட்டுகிறது: அந்தக் குடும்பம் தன்னை எப்போது மலைக்காரர் என்று எண்ணத் தொடங்கியது என்பது. எந்த அரசாங்கக் காகிதத்திலும் அது கிடைக்காது.

இந்த நோட்டுகளில் பாதி கீழேதான் இருக்கும். குலதெய்வக் கோயில் வரி நோட்டும் அப்படித்தான். "மலையில் இருப்போர்" என்று தனியாக வரிப்பட்டியல் எழுதிய கோயில்கள் உண்டு. கம்பம், உத்தமபாளையம், போடிப் பக்கம் ஒரு சுற்றுப் போக நாள் ஒதுக்குங்கள்.

காகிதத்தை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகாதீர்கள், ஒரு நாளைக்குக்கூட. திண்ணை வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் எடுங்கள். ஓரத்தில் ஓர் அடிஸ்கேல் வைத்தால் அளவு தெரியும். மடிப்பு விறைத்திருந்தால் வலுக்கட்டாயமாகப் பிரிக்க வேண்டாம். செல்லோடேப் ஒட்டவும் லேமினேட் செய்யவும் விடாதீர்கள். டேப்பின் பசை சில வருஷத்தில் பழுப்பாகி எழுத்தையே தின்றுவிடும், லேமினேஷனைப் பிறகு பிரிக்க முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் வீட்டு எண்ணும் தேதியும் சேர்த்துப் பெயர் வையுங்கள். கேலரியில் எண்ணூறு படம் பெயரில்லாமல் கிடந்தால் ஒன்றுக்கும் ஆகாது.

அளவுகளை ஒரே முறையில் எழுதுங்கள். ஒரு ஏக்கர் 100 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 247 சென்ட், ஒரு ஆர் 2.47 சென்ட். பழைய அளவுக்காரர் "சங்கிலி" என்று எழுதியிருந்தால் அது 66 அடி, ஒரு சதுரச் சங்கிலி 10 சென்ட்.

ஆபீஸ்களில் கேட்பது

வில்லேஜ் ஆபீஸில் கேட்க வேண்டியது பி.டி.ஆர். (அடிப்படை வரிப் பதிவேடு), தண்டப்பேர் ரெஜிஸ்டர் இரண்டும். நிலம் யார் பேரிலிருந்து யார் பேருக்குப் போக்குவரவு (பெயர்மாற்றம்) ஆனது என்பது தண்டப்பேரில் தெரியும். சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் வில்லங்கம் போட்டால் கைமாறிய வரிசை வரும், ஆனால் பட்டயம் இல்லாத காலத்துக் கைமாற்றம் எதுவும் அதில் இருக்காது. வெள்ளைத்தாளில் எழுதிக் கைநாட்டு வைத்து விற்ற காலம் அது.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட 10 ரூபாய்தான், பதில் 30 நாளில் வர வேண்டும். "எங்கள் ஊர் வரலாறு வேண்டும்" என்று கேட்டால் "அப்படி ஆவணம் இல்லை" என்று ஒரு வரியில் முடிப்பார்கள். ரெஜிஸ்டரின் பெயர், வருஷம், பக்கம் அல்லது சர்வே எண் குறிப்பிட்டு நகல் கேளுங்கள். தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசோடு தமிழில் எழுத்துப் போக்குவரத்து நடத்தக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) இடம் தருகிறது. ஆனாலும் மனுவோடு மலையாளப் பிரதி ஒன்றையும் இணைத்தால் கோப்பு சீக்கிரம் நகரும்.

தொடக்கப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு நல்ல சாட்சி. எந்த வருஷம் எத்தனை பிள்ளை புதிதாகச் சேர்ந்தது, முன்பு படித்தது எந்த ஊர்ப் பள்ளி என்று பார்த்தால் குடியேற்றத்தின் ஏற்ற இறக்கம் தெரியும். பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். ஜூன் சேர்க்கைக்கு வயசு சரிக்கட்ட, பலருக்கு மே மாசத்தில் பிறந்ததாகப் போட்டிருப்பார்கள்.

1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இடுக்கியைத் தேடிக் காணவில்லை என்று திரும்பி வராதீர்கள். மாவட்டமே 1972-ல்தான் உண்டானது. தேவிகுளம், உடும்பன்சோலை, பீருமேடு தாலுகாக்கள் அன்று கோட்டயத்தில் இருந்தன, அந்த மாவட்டக் கையேட்டில் தேட வேண்டும். திருவிதாங்கூர்க் கோப்புகள் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில். உங்கள் ஊர் பாலக்காடு, வயநாடு எல்லையில் இருந்தால் 1956 வரை அது பெரும்பாலும் சென்னை மாகாணத்து மலபார், அதனால் எழும்பூர்க் காப்பகமும் கோழிக்கோடு வட்டாரக் காப்பகமும்தான் இடம்.

நிலத்தில் நடப்பது

சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய வரைபட வரிசையில் குமுளிப் பக்கம் 58 ஜி/2, நெடுங்கண்டம் பக்கம் 58 ஜி/1, மறையூர் 58 எஃப்/3. புதிய வரிசையில் எண் வேறு. 1:50,000 தாளில் மட்டக்கோடு (ஒரே உயரத்தைக் காட்டும் கோடு) 20 மீட்டருக்கு ஒன்று, ஒற்றையடிப் பாதைகளும் குறித்திருக்கும். உங்கள் ஊர்ப் பகுதியைப் பெரிதாக்கி அச்செடுத்து, ஊர்ப் பெரியவர் ஒருவரோடு நடங்கள். ரோடு வருவதற்கு முன் தலைச்சுமையும் கழுதையும் போன பாதை எது, முதல் காடு எங்கே வெட்டியது, யானைக்குப் பயந்து ஏறுமாடம் கட்டிய மரம் எது, சுடுகாடு எது. போன் ஜி.பி.எஸ். மரநிழலில் பத்து இருபது மீட்டர் தள்ளிக் காட்டும். ஒரே இடத்தில் ஒரு நிமிஷம் நின்று குறியுங்கள்.

ஏலத்துக்குள் தனியாக ஒரு பலாவும் பக்கத்தில் பழங்காப்பிச் செடிகளும் வரிசையாக நின்றால், அங்கே வீடு இருந்திருக்கும். சருகைத் தள்ளிப் பாருங்கள், ஆட்டுரல் குழியோ அடுப்புக்கல்லோ கிடைக்கும். பழைய ஏலக்காய் ஸ்டோரின் (காய் உலர்த்தும் கட்டடம்) அஸ்திவாரத்தில் புகைபோக்கிக் குழாய் போன வழி தெரியும். இவற்றைத் தோண்டாதீர்கள், கழுவாதீர்கள். இருக்கிற இடத்திலேயே படம் எடுத்து விட்டுவிடுங்கள்.

இடப்பெயரில் கவனம் தேவை. ஒரே இடத்துக்கு முதுவர் சொல்லும் பெயர், தமிழர் பெயர், மலையாளப் பலகைப் பெயர், எஸ்டேட் டிவிஷன் பெயர் என்று நாலு இருக்கும். நாலையும் எழுதுங்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையில்லை.

1977 என்னும் சிக்கல்

வனநிலத்தில் 1977 ஜனவரி 1-க்கு முன் குடியேறியவர்களுக்குப் பட்டயம் என்று கேரள அரசு 1993-ல் தனி விதி கொண்டுவந்தது. அதன்பிறகு இந்த மலையில் யாரைக் கேட்டாலும் அந்தத் தேதிக்கு முந்தித்தான் வந்திருப்பார்கள். வேண்டுமென்று பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டையும் பிள்ளைகளையும் காப்பாற்ற ஆபீஸில் பல வருஷமாகச் சொன்னது இப்போது அவர்கள் நினைவாகவே ஆகிவிட்டது. உங்களிடம் வேறு தேதி சொன்னால் அது எங்கே போய்ச் சேருமோ என்ற பயமும் உண்டு, அந்தப் பயம் நியாயமானது.

ஆகவே தனி வீடுகளுக்கு வந்த வருஷத்தைப் புத்தகத்தில் போடவே வேண்டாம் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. "1960-களின் முற்பகுதியில் கீழ்ச்சரிவில் பன்னிரண்டு வீடு" என்று தொகுத்து எழுதுங்கள். சர்வே எண், தண்டப்பேர் எண், பட்டய எண், நிலத்தின் பரப்பு எதுவும் அச்சில் வரக் கூடாது. கேஸ் நடக்கும் நிலத்தின் ஆதாரத்தைப் படமாகப் போடக் கூடாது. குடும்பச் சாதியும், யார் யாரிடம் கடன்பட்டு நிலத்தை இழந்தார் என்பதும் அந்த வீட்டார் எழுத்தில் சம்மதம் தந்தால் மட்டும்.

இதே போல இன்னொரு பிசகு, "நாங்க வந்தப்ப இங்க ஒண்ணுமே இல்ல, வெறுங்காடு" என்ற வரி. எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அதை அப்படியே எழுதி முதல் அத்தியாயமாக வைத்தால் புத்தகம் தொடக்கத்திலேயே தவறிவிடும். தேன் எடுக்க யார் வழிகாட்டினார், எந்தக் கிழங்கைத் தின்னலாம் என்று யார் சொன்னார், காடு வெட்டக் கூலிக்கு யார் வந்தார் என்று அதே ஆட்களிடம் கேளுங்கள், முதுவர் பெயரும் மன்னான் பெயரும் தானாக வரும். பிறகு அவர்கள் குடிக்கே போய், காணியிடம் (குடித் தலைவர்) அனுமதி கேட்டு, அவர்கள் பக்கத்துக் கதையை அவர்கள் சொன்னபடியே தனி அத்தியாயமாக எழுதுங்கள். அவர்கள் கும்பிடும் இடங்களைக் குறிக்க வேண்டாம் என்றால் வரைபடத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

எழுதி அச்சடிப்பது

வருஷவாரியாக எழுதினால் அரசாங்க அறிக்கை மாதிரி ஆகிவிடும். பயிரை வைத்துப் பிரிப்பது இந்த மலைக்குப் பொருந்தும்: சுட்டெரித்து விதைத்த கேப்பையும் கப்பையும், பிறகு தைலப்புல் (எலுமிச்சைப் புல்), காப்பி, மிளகு, கடைசியில் ஏலம். பயிர் மாறும்போதே வீடும் கூலியும் சாப்பாடும் சந்தையும் மாறியிருக்கும், கதை தானாக ஒழுங்குக்கு வரும். நிலம் இல்லாமல் கூலிக்கே இருந்தவர்களின் வீடுகளுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று முடிவில் எண்ணிப் பாருங்கள். எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். திரும்பப் போய்க் கேளுங்கள்.

அறுபது எழுபது பக்கம், கையால் வரைந்த ஊர்ப்படம் ஒன்று, வீட்டுப் பட்டியல் ஒன்று, படங்கள் இருபதுக்குள். மலையில் பிறந்த பேரப்பிள்ளைகளில் பலர் மலையாள மீடியத்தில் படித்தவர்கள், தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் திணறுவார்கள். வசதி இருந்தால் பின்பாதியில் மலையாளத்திலும் போடுங்கள். பக்கத்து வீட்டு மலையாளிக் குடும்பங்களும் அப்போதுதான் படித்துத் திருத்தம் சொல்ல முடியும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கோயில் மண்டபத்தில் வைத்தால் வராதவர்கள் இருப்பார்கள், பள்ளிக்கூடத்தில் வையுங்கள். சண்டை வரும். யார் முதலில் வந்தது என்பதில்தான் பெரும்பாலும் வரும். ஒத்துவராத இரண்டு கூற்றுகளையும் அடுத்தடுத்த பத்தியாகப் போட்டு, யார் எதைச் சொன்னார் என்று எழுதிவிட்டால் அடங்கிவிடும்.

முதலில் நூறு பிரதி போதும். பஞ்சாயத்து நூலகம், பள்ளி, கீழ்நாட்டு ஊர் நூலகம் மூன்றுக்கும் ஒவ்வொன்று போகட்டும். புத்தகத்தின் கடைசியில் நாலு பக்கம் கோடு மட்டும் போட்டு வெறுமையாக விடுங்கள். நூலகப் பிரதியோடு ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்தால், படிக்க வருகிறவர்கள் விட்டுப்போன பெயரை அதிலேயே எழுதிவிட்டுப் போவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை போய் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து, உங்கள் நோட்டில் அந்தந்த வீட்டு எண்ணுக்கு நேரே ஏற்றுங்கள்.